வீட்டுக் குளத்துக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் விதி எங்கே தொடங்குகிறது?

வாசகர் கேள்வி:

எங்கள் தனி வீட்டின் பின்புறத்தில் 7 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் ஆழமும் கொண்ட சிறிய நீச்சல் குளம் ஒன்றையும், முதல் தளத்தின் திறந்த மாடியில் ஆறு பேர் அமரக்கூடிய வெந்நீர்த் தொட்டி ஒன்றையும் அமைக்க முடிவு செய்திருக்கிறோம். சொந்த இடத்தில் சொந்த உபயோகத்துக்காகக் கட்டுவதால் உள்ளாட்சி அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை என்றும், தொட்டிக்குப் பூட்டக்கூடிய மூடி இருப்பதால் வேலி வேண்டாம் என்றும், குளத்துக்கு எங்கள் மதில் சுவரே போதும் என்றும் ஒப்பந்ததாரர் சொல்கிறார். வீட்டின் பின்வாசல் கதவு நேராகக் குளத்தை நோக்கித் திறக்கும். எங்களுடன் 3 வயதுப் பேரன் இருக்கிறான். குழி தோண்டும் வேலை பாதி முடிந்துவிட்டது. ஒப்பந்ததாரர் சொல்வது சரிதானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஒப்பந்ததாரர் மூன்று செய்திகளைச் சொல்லியிருக்கிறார். அனுமதி தேவையில்லை என்ற முதல் செய்தி, குளங்களுக்கென்று விதி வகுத்திருக்கும் பெரும்பாலான இடங்களில் தவறு. மூடி இருந்தால் வேலி வேண்டாம் என்ற இரண்டாவது செய்தி சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு. மதில் சுவர் போதும் என்ற மூன்றாவதை, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் பின்வாசல் கதவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் சார்பில் பல ஆண்டுகள் வீட்டுக் குளங்களை ஆய்வு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தக் கதவைப் பற்றிய வரிதான்.

நீங்கள் எந்த உள்ளாட்சி அமைப்பின் எல்லைக்குள் வசிக்கிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. இந்த விதிகளின் அளவுகள் இடத்துக்கு இடம் மாறும். அவை எதைத் தடுக்க எழுதப்பட்டன என்பது அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு விதியின் காரணத்தையும், சில நாடுகளில் நடைமுறையில் உள்ள அளவுகளையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் அலுவலகத்துக்குப் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

முதலில், "குளம்" என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நாம் பெயரை வைத்துப் பிரிக்கிறோம். இது நீச்சல் குளம், அது வெந்நீர்த் தொட்டி, இது குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த தொட்டி என்கிறோம். விதியோ பெரும்பாலும் தண்ணீரின் ஆழத்தையே கேட்கிறது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய குளமோ தொட்டியோ பாதுகாப்புத் தடுப்பு விதிக்குள் வந்துவிடுகிறது. நியூசிலாந்தில் அந்த எல்லை 400 மில்லிமீட்டர். அமெரிக்காவின் பல உள்ளாட்சிகள் ஏற்றுக்கொண்டிருக்கும் சர்வதேச நீச்சல் குள விதித்தொகுப்பில் (இனி இதை அமெரிக்க விதித்தொகுப்பு என்றே சொல்கிறேன்) அது 24 அங்குலம், அதாவது ஏறத்தாழ 610 மில்லிமீட்டர். தரைக்குக் கீழே தோண்டியதா, தரைக்கு மேலே வைத்ததா, நிரந்தரமா, கோடையில் மட்டும் ஊதி நிரப்புவதா என்பவை இந்தக் கணக்கில் பின்னால் வருகிற கேள்விகள்தாம். உங்கள் குளமும் தொட்டியும் மேற்சொன்ன மூன்று எல்லைகளையுமே தாண்டுகின்றன. பேரனுக்காக வாங்கிய காற்றடைத்த தொட்டி ஏதும் வீட்டில் இருந்தால், அதன் ஆழத்தையும் ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள். சில ஊர்களில் அதுவும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

அடுத்தது அனுமதி. ஒப்பந்ததாரர் சொன்னதில் பொய் இருக்கிறது என்பதைவிட, குழப்பம் இருக்கிறது என்பதே பொருத்தமாக இருக்கும். நிலப் பயன்பாட்டுக்கான ஒப்புதல், கட்டுமானத்துக்கான அனுமதி, குளத்தின் பாதுகாப்புக்கான விதி ஆகிய மூன்றும் தனித்தனியானவை. சிறிய குளங்களுக்கு முதலாவதிலிருந்து விலக்குக் கொடுக்கும் இடங்கள் உண்டு. பிரான்சில் 10 சதுர மீட்டர் வரையிலான குளத்துக்குப் பொதுவாக எந்த அறிவிப்பும் வேண்டாம். 10 முதல் 100 சதுர மீட்டர் வரை நகராட்சியிடம் முன்னறிவிப்புச் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு மேல் முழு அனுமதி பெற வேண்டும். உங்கள் குளம் 24.5 சதுர மீட்டர்; அங்கே கட்டினால்கூட இரண்டாவது வகையில்தான் வரும். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அதே பிரான்சில், தரையில் பதித்த தனியார் குளங்களுக்கான பாதுகாப்புச் சாதனத்தை 2003 ஜனவரி 3ஆம் நாள் இயற்றப்பட்ட தனிச் சட்டம் கட்டாயமாக்குகிறது. முன்னறிவிப்பிலிருந்து தப்பிய 10 சதுர மீட்டர் குளம் அந்தச் சட்டத்திலிருந்து தப்புவதில்லை. ஒன்றில் விலக்குக் கிடைத்ததைக் கொண்டு மற்றதிலும் விலக்கு உண்டு என்று எடுத்துக்கொள்வதுதான் ஒப்பந்ததாரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. வீட்டின் உரிமையாளருக்கோ, அந்தப் பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாமே என்பது ஆய்வாளர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது.

அனுமதிக்கான வரைபடத்தில் மனையின் எல்லைகள், குளத்தின் விளிம்புக்கும் ஒவ்வொரு எல்லைக்கும் இடையே உள்ள தூரம், வீட்டின் கதவு சன்னல்கள், பம்பும் வடிகட்டியும் இருக்கும் இடம், வேலியின் கோடு, தண்ணீரை வெளியேற்றும் வழி ஆகிய அனைத்தையும் காட்டச் சொல்வார்கள். எல்லையிலிருந்து இத்தனை இடைவெளி விட வேண்டும் என்பதை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிடாதீர்கள். 1.4 மீட்டர் நீர் ஆழத்துக்குத் தரையும் சுவரும் சேர்த்து ஏறத்தாழ 1.7 மீட்டராவது தோண்ட நேரிடும். பக்கத்து வீட்டு அடித்தளத்தை ஒட்டி அவ்வளவு ஆழம் போனால், அந்த அடித்தளத்தைத் தாங்கி நிற்கும் மண் குழிக்குள் சரியும். அடித்தளத்தின் கீழ்விளிம்பிலிருந்து 45 பாகையில் ஒரு சாய்கோட்டைக் கீழ்நோக்கி வரைந்து, குழி அந்தக் கோட்டுக்குள் நுழைகிறதா என்று பார்ப்பது கட்டமைப்புப் பொறியாளர்கள் முதற்கட்டமாகச் செய்யும் சோதனை. நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கும் இடமானால் இன்னொரு சிக்கலும் உண்டு: பழுதுபார்க்கக் குளத்தை வற்றச் செய்யும்போது, கீழிருந்து அழுத்தும் நீர் காலித் தொட்டியைப் படகு போல மேலே தூக்கிவிடும். இதற்கான வால்வும் வடிகாலும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு சேர்க்கக்கூடியவை அல்ல.

இனி வேலிக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்தருள வேண்டும். வீட்டுக் குளங்களில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மூழ்கிய நிகழ்வுகளை அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா ஆகிய மாநிலங்களில் ஆராய்ந்த அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், அந்தக் குழந்தைகளில் 77 விழுக்காட்டினர் 5 நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் பெரியவர்களின் பார்வையிலிருந்து விலகியிருந்தார்கள் என்று கண்டது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் குளத்தருகே இருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கடைசியாகக் காணப்பட்ட இடம் வீட்டின் உட்புறம். சிறு குழந்தை மூழ்கும்போது கூச்சலும் எழுவதில்லை, தண்ணீர் தெறிக்கும் சத்தமும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆகவே குளத்தில் யாரும் இல்லாத நேரத்துக்காகத்தான் இந்த விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நீந்தும் நேரத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். மதிய உறக்க நேரத்தில் இருக்க மாட்டார்.

இந்த 5 நிமிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அளவுகளைப் பார்த்தால் அவை விளங்கும். வேலியின் உயரம் ஆஸ்திரேலியத் தரத்தில் 1,200 மில்லிமீட்டர். அமெரிக்க விதித்தொகுப்பில் 48 அங்குலம், அதாவது 1,219 மில்லிமீட்டர். கலிபோர்னியா 60 அங்குலம் கேட்கிறது. இந்த உயரத்தைக் குளத்தின் பக்கமிருந்து அளக்கக் கூடாது. குழந்தை வந்து நிற்கும் வெளிப்பக்கத் தரையிலிருந்து அளக்க வேண்டும். கம்பிகளின் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடக்கத் தொடங்கிய குழந்தையின் தலை அதற்குள் நுழையாது என்பதே கணக்கு. வேலிக்கு அடியில் உள்ள இடைவெளிக்கும் வரம்பு உண்டு. மண் தரையானால் அமெரிக்க விதித்தொகுப்பு 2 அங்குலத்துக்கு மேல் விடுவதில்லை, ஏனென்றால் மண்ணைக் குழந்தை கையாலேயே பறித்துவிடும். குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக அமைந்தால் அவை ஏணிப் படிகளாகிவிடும் என்பதால் அவற்றுக்கும் தனி விதி இருக்கிறது.

வேலியைச் சரியாகக் கட்டிவிட்டு அதனருகே பூந்தொட்டியை வைப்பவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். தொட்டி, நாற்காலி, பம்ப் பெட்டி, குளிர்சாதனக் கருவியின் வெளி அலகு, தாழ்ந்த மரக்கிளை ஆகிய எதுவும் குழந்தைக்கு ஒரு படிதான். வேலியிலிருந்து 900 மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஏற உதவும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று தரங்கள் சொல்வது இதனால்தான். கட்டிய நாளில் தேர்ச்சி பெற்று ஆறே மாதத்தில் தவறிப்போகும் வேலிகள் பெரும்பாலும் உடைந்தவை அல்ல, அருகில் எதையாவது கொண்டுவந்து வைத்தவை.

கதவு வேலியை விட முக்கியமானது. வேலிக் கதவு குளத்தை விட்டு வெளிப்புறமாகத்தான் திறக்க வேண்டும். குழந்தை சாய்ந்து தள்ளினால் அது மூடிக்கொள்ள வேண்டும், திறந்துகொள்ளக் கூடாது. எந்த நிலையிலிருந்து விட்டாலும் தானாக மூடி, தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளை விடுவிக்கும் பிடி ஆஸ்திரேலியத் தரத்தில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; அமெரிக்க விதித்தொகுப்பில் 54 அங்குலம். அதற்குக் கீழே வைத்தால் அதைக் குளத்தின் பக்கமாகவும், சுற்றிலும் கை நுழையாதபடி மறைத்தும் வைக்க வேண்டும். ஆய்வுக்குப் போகும்போது நான் முதலில் செய்தது, கதவை விரல் அளவு மட்டும் திறந்து கையை எடுத்துப் பார்ப்பதுதான். அகலத் திறந்த கதவு வேகமாக வந்து தாழிட்டுக்கொள்ளும். விரல் அளவு திறந்த கதவுக்கு அந்த வேகம் கிடைக்காது. தளர்ந்த கீல்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்பட்டன.

இப்போது உங்கள் மதில் சுவர். அதன் உயரமும் வெளிப்புற அமைப்பும் விதிக்கு உட்பட்டிருந்தால் மூன்று பக்கங்களுக்கு அதைத் தடுப்பாக ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் எல்லை மதிலே தடுப்பாவதற்குப் பொதுவாக 1.8 மீட்டர் உயரமும், உட்புறத்தில் ஏறிப்பிடிக்க எதுவும் இல்லாத 900 மில்லிமீட்டர் பகுதியும் கேட்பார்கள். அலங்காரத்துக்காகப் பதித்த துளைக்கற்களும் பூவேலைக் கம்பிகளும் கால்வைக்க வசதியானவை என்பதால் அவற்றை மூடச் சொல்வார்கள். ஆனால் இவற்றையெல்லாம் செய்தாலும், மதில் சுவர் அடுத்த வீட்டுக் குழந்தையைத்தான் தடுக்கும். உங்கள் பேரன் மதிலுக்கு உள்ளே இருக்கிறான். அவனுக்கும் தண்ணீருக்கும் இடையே இருப்பது அந்தப் பின்வாசல் கதவு ஒன்றுதான்.

வீட்டுச் சுவரே நான்காவது பக்கத் தடுப்பாக அமையும்போது அதிலுள்ள கதவை என்ன செய்வது என்பதில்தான் நாடுகள் வெகுவாக வேறுபடுகின்றன. ஆஸ்திரேலியாவில் புதிய திறந்தவெளிக் குளங்களுக்கு, வீட்டிலிருந்து நேராகக் குளப் பகுதிக்குத் திறக்கும் கதவையே ஏற்பதில்லை. இடையில் தனி வேலி வேண்டும். அமெரிக்க விதித்தொகுப்பு அந்தக் கதவுக்கு எச்சரிக்கை ஒலிப்பான், தானாக மூடித் தாழிடும் அமைப்பு, அல்லது குளத்துக்குப் பாதுகாப்பு மூடி போன்ற மாற்று வழிகளைத் தருகிறது. கலிபோர்னியாவில் 2018 முதல் புதிதாகக் கட்டும் அல்லது மாற்றியமைக்கும் வீட்டுக் குளங்களுக்கு, சட்டம் பட்டியலிடும் ஏழு பாதுகாப்பு அம்சங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பிரான்சில் வேலி, மூடி, கூரையமைப்பு, ஒலிப்பான் ஆகிய நான்கில் தரச்சான்று பெற்ற ஏதேனும் ஒன்று போதும்.

சட்டத்தில் இடமிருக்கிறது என்பதற்காக ஒலிப்பானை மட்டும் நம்பியிருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குழந்தை கதவைக் கடந்த பிறகுதான் அல்லது தண்ணீரில் விழுந்த பிறகுதான் அது ஒலிக்கும். அதைக் கேட்டு ஒருவர் ஓடிவர வேண்டும். பெரியவர்கள் நாளொன்றுக்கு இருபது முறை புழங்கும் கதவில் அதைப் பொருத்தினால் ஒரு வாரத்துக்குள் யாராவது அதை அணைத்துவைப்பார்கள். ஆகவே உங்கள் உள்ளாட்சி எதை அனுமதித்தாலும், பின்வாசலுக்கும் குளத்துக்கும் நடுவில், குளத்தின் நீளவாக்கில் ஒரு தனி வேலியும் தானாக மூடும் கதவும் அமைத்துக்கொள்ளுங்கள். குழி பாதி நிலையில் இருப்பதால், அந்த வேலிக்கும் நீர் விளிம்புக்கும் இடையே நடக்க வழிவிட்டுக் கோட்டை மாற்றிக்கொள்ள இன்னும் வாய்ப்பிருக்கிறது.

வெந்நீர்த் தொட்டியின் மூடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே ஒரே நாட்டுக்குள்ளேயே விதி இரண்டாகப் பிரிவதைக் காணலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பயன்படுத்தாத நேரமெல்லாம் குழந்தையால் திறக்க முடியாத, பூட்டிய மூடி இருந்தால் தொட்டிக்கு வேலி வேண்டாம். பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் பூட்டும் மூடி இருந்தாலும் வேலி வேண்டும். அமெரிக்க விதித்தொகுப்பு, பாதுகாப்பு மூடிகளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப் 1346 என்ற தரத்துக்கு உட்பட்ட பூட்டும் மூடி இருந்தால் தொட்டிக்கு வேலியிலிருந்து விலக்களிக்கிறது. நியூசிலாந்தில் நீர்ப்பரப்பு 5 சதுர மீட்டருக்கு மிகாமலும், தொட்டியின் விளிம்பு சுற்றியுள்ள தரையிலிருந்து 760 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் மூடியையே தடுப்பாகக் கொள்ளலாம். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள்: தொட்டியில் இறங்குவதற்காக நாம் வைக்கும் படிக்கட்டு அந்த 760 மில்லிமீட்டரை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். படிகள் கழற்றி எடுத்துவைக்கக் கூடியவையாக இருக்கட்டும்.

மூடி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தொட்டியோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் சூடு போகாமல் காப்பதற்கான நுரைப்பலகை மூடி. பாதுகாப்பு மூடி என்பது மேலே ஏறினால் எடையைத் தாங்கி, உள்ளே தள்ளப்படாமல், பூட்டோடு இருப்பதற்குச் சோதிக்கப்பட்டது. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும்; வேறுபாடு சோதனைச் சான்றில்தான் தெரியும். ஆகவே விற்பனையாளரிடம் பூட்டு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்தத் தரத்தின்படி சோதிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். குளத்தின் மேல் மிதக்கவிடும் குமிழித் தாளை மட்டும் எந்தக் கணக்கிலும் மூடியாகக் கொள்ள வேண்டாம்; குழந்தை அதன் மேல் கால்வைத்தால் தாள் விலகி, பிறகு குழந்தையின் மேலேயே மூடிக்கொள்ளும்.

தொட்டியை மாடியில் வைப்பதைப் பற்றி ஒப்பந்ததாரர் எதுவும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2 மீட்டர் நீள அகலமுள்ள தொட்டியில் 1,200 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதன் எடை 1,200 கிலோ. காலித் தொட்டி 300 கிலோ என்றும், ஆறு பேர் தலா 70 கிலோ என்றும் கொண்டால் மொத்தம் 1,920 கிலோ. 4 சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 480 கிலோ. வீட்டுத் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுப் பளுவுக்கே வடிவமைக்கிறார்கள். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பளுவை, அதுவும் நாள் முழுவதும் நீங்காத பளுவை, நீங்கள் ஏற்றப்போகிறீர்கள். இதற்கு முன்பு எவரோ மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார் என்பதெல்லாம் சான்றாகாது. உத்தரங்கள் எங்கே ஓடுகின்றன என்பதைப் பழைய கட்டமைப்பு வரைபடத்தில் பார்த்து, பொறியாளர் கையொப்பமிட்ட கணக்கு ஒன்றை வாங்குங்கள். உள்ளாட்சி அலுவலகம் அதைக் கேட்காமல் போனாலும் நீங்கள் வாங்குங்கள்.

தண்ணீரைப் பம்ப்புக்கு இழுத்துச் செல்லும் உறிஞ்சு வாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டி ஒன்றின் அடியில் இருந்த உறிஞ்சு வாயில் சிக்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள், நீச்சல் அறிந்தவள். அவளை விடுவிக்கப் பெரியவர்கள் இருவர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அவள் பெயரிலேயே 2007 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அங்கே விற்கப்படும் உறிஞ்சு வாய் மூடிகள் அனைத்தும், உடலோ தலைமுடியோ அடைத்துக்கொள்ளாத வடிவத்தில், தரச்சான்றோடு இருக்க வேண்டும். உங்கள் குளத்திலும் தொட்டியிலும் ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்த இரண்டு உறிஞ்சு வாய்கள் வேண்டும் என்று கேளுங்கள். ஒன்று அடைபட்டால் மற்றது இழுத்துக்கொள்ளும், முழு விசையும் ஓர் உடல் மீது விழாது. மூடி விரிசல் கண்டாலோ திருகு தளர்ந்தாலோ அதை மாற்றும்வரை யாரையும் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள்.

மின்சார வேலையைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. இது உரிமம் பெற்றவர் செய்து, தனியாகச் சான்றளிக்க வேண்டிய வேலை. நீங்கள் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. ஐஇசி 60364 என்ற சர்வதேச மின் தரத்தைப் பின்பற்றும் நாடுகளில் குளத்தைச் சுற்றி மண்டலங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன: தண்ணீருக்குள் இருப்பது முதல் மண்டலம், விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை அடுத்தது, அதற்கு அப்பால் இன்னும் 1.5 மீட்டர் மூன்றாவது. தண்ணீருக்குள் இருக்கும் விளக்குகளுக்கு 12 வோல்ட்டைத் தாண்டாத மாறுமின்சாரமே தரலாம். அதற்கான மின்மாற்றி இந்த மண்டலங்களுக்கு வெளியே இருப்பது நல்லது. பம்ப்பும் சூடேற்றியும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புக் கருவி வழியாக வர வேண்டும். குளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடி, ஏணி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஆகிய எல்லா உலோகமும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஈரக் காலோடு ஒருவர் இரண்டைத் தொடும்போது அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாமல் இருப்பதற்காகவே இந்த இணைப்பு. கம்பி இணைப்பைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஆய்வாளரிடம் காட்டிப் படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்க்க முடியாது.

தண்ணீரின் தரம் பற்றிய விதிகள் பொதுக் குளங்களுக்கே பெரும்பாலும் எழுதப்பட்டவை. வீட்டில் யாரும் வந்து சோதிப்பதில்லை. ஆனால் வெந்நீர்த் தொட்டியில் அலட்சியம் கூடாது. 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பு லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகுவதற்கு ஏற்றது. அது குமிழியோடு எழும் நீர்த்துளிகள் வழியாக நுரையீரலுக்குப் போய்க் கடும் நிமோனியாவை உண்டாக்கும். 1999ஆம் ஆண்டு நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து பரவிய தொற்றில் பலர் இறந்தார்கள். நோயுற்றவர்கள் தொட்டியில் இறங்கியவர்கள் அல்லர், அதைக் கடந்து நடந்தவர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் பரிந்துரைப்படி வெந்நீர்த் தொட்டியில் தனிக் குளோரின் (கிருமியைக் கொல்ல இன்னும் மீந்திருக்கும் குளோரின்) லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராமும், குளத்தில் 1 மில்லிகிராமும் இருக்க வேண்டும். சூடும் குமிழியும் குளோரினை விரைவாகத் தீர்த்துவிடும் என்பதால்தான் தொட்டிக்கு மும்மடங்கு. வெப்பநிலை 40 பாகையைத் தாண்டக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அந்தத் தொட்டியில் இறங்கவே கூடாது. பேரன் எவ்வளவு கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளத்து நீரையும் வடிகட்டியைப் பின்கழுவிய நீரையும் மழைநீர் வடிகாலில் விடுவது பல இடங்களில் குற்றம், ஏனென்றால் அது சுத்திகரிப்பு இல்லாமல் நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகும். கழிவுநீர்க் குழாயில் விடலாமா, குளோரினை நீக்கிய பிறகு தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குளத்தை நிரப்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால் குளத்து நீர் அதற்குள் உறிஞ்சப்படும். பம்ப்பின் ஒலிக்கு இரவு நேர வரம்பு இருக்கலாம். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் குளம் கட்டுவதைத் தெரிவித்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு பதிவு செய்ய வேண்டுமா, மறு ஆய்வு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதையும் கேளுங்கள். நியூசிலாந்தில் வீட்டுக் குளத் தடுப்புகளுக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு உண்டு.

இனி, பாதி தோண்டிய குழி. அனுமதி இல்லாமல் தொடர்ந்த ஒவ்வொரு நாள் வேலையும் பின்னால் இடிக்கச் சொன்னால் கூடுதல் செலவாகும் என்பதால், இன்றே வேலையை நிறுத்தி, இருக்கும் நிலையைப் படமெடுத்து, வரைபடத்தோடு அலுவலகத்துக்குப் போய், தொடங்கிய வேலையை முறைப்படுத்த விண்ணப்பிப்பதாகவே வெளிப்படையாகச் சொல்லுங்கள். நான் பணியில் இருந்தபோது, தாமாக வந்து சொன்னவர்களையும், புகாரின் பேரில் பிடிபட்டவர்களையும் நாங்கள் ஒரே மாதிரி நடத்தியதில்லை. அலுவலகத்துக்குப் புறப்படுவதற்கு முன்பு இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு நல்ல மழை பெய்தால் அந்தக் குழியில் 300 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கிவிடும். கலங்கலாக இருப்பதால் அடி தெரியாது, சரிந்த மண் ஓரத்தில் பிடித்து ஏற எதுவும் இருக்காது. கட்டுமானம் நடக்கும் காலத்திலும் தற்காலிக வேலி வேண்டும் என்று பல உள்ளாட்சிகள் கேட்பது இதற்காகத்தான். வாடகைக்குக் கிடைக்கும் 1.2 மீட்டருக்குக் குறையாத தற்காலிக வேலித் தட்டிகளைக் குழியைச் சுற்றி ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டுங்கள், தேங்கிய நீரை அன்றன்றே பம்ப் வைத்து இறைத்துவிடுங்கள், பின்வாசல் கதவின் மேற்பகுதியில், பேரனுக்கு எட்டாத உயரத்தில், இன்று மாலைக்குள் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள்.